அத்தை மறைந்த காட்சி

ஓர் ஆளை மாயமாக மறைய வைக்க மந்திரமும் வேண்டாம், மையும் வேண்டாம். என் மாமா அதை ஐந்தருவிக்குப் போகும் பாதையில், சாரலில் நனைந்துகொண்டே எங்களுக்குச் செய்து காட்டினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மஸ்கட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தோளில் தூக்கி வைக்கும் வீடியோ கேமராவும், கேசட் போட்டுப் பார்க்கிற டெக்கும் வாங்கிக்கொண்டு ஊர் வந்திருந்தார். எண்பதுகளின் நடுவில் இலஞ்சியில் அது பெரிய விஷயம். திரும்பப் போகிற எண்ணமே அவருக்கு இல்லை. சாம்பிராணியைப் புகைய விட்டு மேகம் செய்வார். கண்ணாடித் துண்டில் வாஸ்லின் தடவி லென்சுக்கு முன்னால் பிடித்து, எங்கள் மாட்டுத் தொழுவத்தைக்கூடக் கனவுக் காட்சி ஆக்கிவிடுவார். ஊரில் அவரைக் கிறுக்கன் என்றார்கள். எட்டு வயதுக்காரியான எனக்கு அவர்தான் கடவுள்.

அக்காவின் கல்யாணத்தை அவர்தான் படம் பிடிப்பதாக இருந்தது. அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் எங்களை ஐந்தருவிக்குக் கிளப்பிக்கொண்டு போனார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வாடகைக் கார் டிரைவரைக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு, எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"யாரு மறையுதீங்க?"

"நான் மறையுதேன் கொழுந்தனாரே" என்று முந்திக்கொண்டாள் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அம்மா டீச்சர் வேலைக்குப் போய்விடுவாள். அக்காவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலை பின்னி ஆளாக்கியதெல்லாம் அத்தைதான்.

மாமா சூத்திரத்தைச் சொன்னார்: "நான் பட்டன அமுக்கி நிறுத்துனதும் மைனி மட்டும் சத்தங்காட்டாம வெலகிப் போயிரணும். மத்தவங்க செலை மாதிரி நிக்கணும். ஒருத்தரும் அவங்கள திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா எல்லாம் கெட்டுரும்."

அன்று சாயங்காலம் டெக்கில் போட்டுப் பார்த்தோம். சிரித்துக்கொண்டு நின்ற அத்தை, கண் மூடித் திறப்பதற்குள் இல்லை! அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அத்தை. தன்னைப் படத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

பிறகு மாமாவிடம் மெல்லக் கேட்டாள். "கல்யாணத்துல என்னய ஒழுங்கா எடுத்துருவீரா? பிள்ள பம்பாய்க்குப் போயிருவா. கேசட்டும் அவகூடப் போயிரும். அதுலயாவது நானும் அவகூட இருக்கணும்லா?"

"மைனி இல்லாம கேசட்டா? நல்லாக் கேட்டீங்க போங்க!" என்றார் மாமா.

அத்தை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நீலப் பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் உலர்த்தினாள். அம்மா அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குப் பெயர் நல்ல குணம்.

கல்யாணம் முருகன் கோயில் மண்டபத்தில். அக்கா மணையில் உட்கார்ந்தாயிற்று, மாப்பிள்ளை வந்தாயிற்று. மாமா கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டிருந்தார். நாங்கள் தூணோரமாக வரிசையாக நின்றோம். நீலப் பட்டில் அத்தை எனக்குப் பின்னால் நின்றாள், அவள் கை என் தோளில் இருந்தது. தாலித் தட்டை எல்லோரும் தொட்டு வாழ்த்துவதற்காக எங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு முணுமுணுப்பு.

அப்பா மாமாவைப் பார்த்து, "கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார். மாமா பட்டனை அமுக்கினார்.

அப்பா அத்தையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நீ போயி ஆக்குப்புரையப் பாரு. அங்கன ஆள் இல்ல."

ஆக்குப்புரையில் சமையல்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

என் தோளிலிருந்து கை எடுபட்டது. அம்மா தன் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கோ புல்லரித்தது. ஆகா, மாமா வித்தை காட்டப் போகிறார்! கண்ணைக்கூட இமைக்காமல் சிலை மாதிரி நின்றேன். மாமா மறுபடி பட்டனை அமுக்கினார். கெட்டிமேளம் முழங்கியது.

மறுவீட்டு விருந்தன்று, எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கேசட் ஓடியது. தூணோரம் நீலப் பட்டு தெரிந்தது. அடுத்த நொடி இல்லை. என் தோளில் இருந்த கையும் இல்லை. நான் எழுந்து குதித்துக் கை தட்டினேன். "அத்த மறைஞ்சிட்டா! மாமா, அருவியில செஞ்ச மாதிரியே வந்துருக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. மாமா டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காபித் தம்ளர்களோடு அடுப்படி நிலையில் நின்றிருந்த அத்தை, "ஒங்க வித்தை பிசகல கொழுந்தனாரே. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கேசட்தான் பம்பாய்க்குப் போனது. பிறகு அத்தை எந்தப் படத்துக்கும் நிற்கவில்லை. படித்தவர்கள், பெரிய மனிதர்கள், அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அத்தனை பேரும் அன்று மண்டபத்தில் தெரிந்தேதான் அசையாமல் நின்றார்கள்.

நான் மட்டும் தெரியாமல் நின்றேன். எவ்வளவு நேர்த்தியாக நின்றேன் என்று மாமா ஒரு வார்த்தை சொல்வார் என்று அன்று படுக்கப் போகும்வரை அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.