குந்திருக்க மரத்தில் பதினேழு வெட்டு

அந்தத் தாவரத் தோட்டத்தில் எல்லோரும் அவளைச் சாம்பிராணி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. மந்தமான ஆளைச் சாம்பிராணி என்று திட்டுவார்கள். அக்காவோ மந்தத்துக்கு நேர் எதிர். மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தப் பேர் அவளுக்கு வந்தது அவள் வளர்த்த மரத்தால்.

மூன்றாம் கண்ணாடிக்கூடம் அவள் பொறுப்பு. வெளியே வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டிருக்கும் ஊர். அந்தக் கூடத்துக்குள் மட்டும் காற்று காய்ந்து கிடக்கும். கள்ளிகளுக்கும் கற்றாழைகளுக்கும் நடுவே, ஒரு சிமெண்டுத் தொட்டியில், ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் நின்றது அந்த மரம். ஆப்பிரிக்காவின் வறண்ட மலைச்சரிவுகளில் பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு வளரும் சாதி. பட்டை காகிதம்போல உரியும். காயம் பட்டால் பால் மாதிரி கசியும்; கசிந்தது காற்றுப்பட்டு இறுகினால் அதுதான் குந்திருக்கம். கடைக்காரர்கள் அதையும் சாம்பிராணி என்றே விற்றுவிடுவார்கள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அக்கா அங்கே கூட்டிப் பெருக்கும் ஆளாகத்தான் சேர்ந்தாள். ஒருநாள் ஆபீஸ் அலமாரியைக் காலி செய்தபோது குமாஸ்தா ஒரு பழுப்பு உறையைக் குப்பைக்கூடையில் போட்டார். யாரோ ஆராய்ச்சிக்காரர் எப்போதோ அனுப்பிய விதை. “வருஷக்கணக்கா கிடக்குது. முளைக்காது, கொண்டு கொட்டு” என்றார். கொட்டச் சொன்னதாலேயே அக்காவுக்கு அதை முளைக்க வைத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவள் சுபாவம் அப்படி.

அறுபது விதைக்கு மேல் இருந்தது. தண்ணீரில் போட்டால் முக்கால்வாசி மிதந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத பதர். மூழ்கியதில் பதினொன்று முளைத்தது. அதில் ஏழு நாற்றைக் கொன்றது அவளேதான். பாசத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். நாற்று ஒவ்வொன்றாகக் கழுத்து கறுத்துச் சாய்ந்தது. அப்புறம் புத்தி வந்தது. மண்ணைக் குறைத்துச் சரளையும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்தாள். தண்டில் படாமல் ஓரமாக ஊற்றினாள். இலை இருக்கும் மாதங்களில் மட்டும் தண்ணீர். இலை உதிர்ந்துவிட்டால் மறுபடி துளிர்க்கும்வரை ஒரு சொட்டுகூடக் கிடையாது. மீந்த நான்கில் ஒன்றை நத்தை தின்றது, ஒன்றைப் பார்வையாளர் யாரோ பிடுங்கிப் போனார், ஒன்று காரணம் சொல்லாமலே செத்தது. கடைசி ஒன்றுதான் மரமானது. அந்த மரத்துக்காகவே அவளைத் தோட்டக்காரியாக நிரந்தரம் செய்தார்கள்.

அவள் கணவர் தையல் மிஷின் ரிப்பேர்காரர். அவர் சொல்வார்: “நான் ஒரு டம்ளர் தண்ணி கேட்டா எந்திரிக்க மாட்டேங்கிறா. ஒரு மரத்துக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு ஊரோட சண்டை போடுறா.”

புது சூப்பிரண்டு வந்தது மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்ற சமயத்தில். இஸ்திரி கலையாத சட்டை, கையில் எப்போதும் ஒரு சின்ன டேப் கம்ப்யூட்டர். வந்த இரண்டாம் வாரமே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் கூடத்துக்கு வந்தார்.

“இங்க பாரும்மா, இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை ஜனங்க முன்னாடி பட்டையைக் கீறிக் காட்டணும். பிசின் வடியறதைக் கண்ணால பாக்கலாம்னா கூட்டம் வரும். போஸ்டர் அடிக்கக் கொடுத்தாச்சு.”

“சார், இது இன்னும் கீறற வயசுக்கே வரல. அதுவும் இப்ப தூங்கற நேரம். காயம் ஆறறதுக்கு அதுகிட்ட தெம்பு இருக்காது.”

“இலை இல்லாம நின்னா பாக்கறவங்களுக்கு நல்லா இருக்காதுதான். தண்ணி விடு, வந்துடும்.”

“தண்ணி விட்டா செத்துடும் சார்.”

சூப்பிரண்டு சிரித்தார். “தண்ணி விட்டா மரம் சாகும்னு சொல்ற தோட்டக்காரியை இப்பதான் பாக்கறேன். பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க.”

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அக்காவுக்குக் காது மடல்வரை சூடேறியது.

“பேரை விடுங்க சார். என் மரத்து மேல யாராவது கத்தி வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“உன் மரமா?” என்றார் அவர், சிரிப்பை நிறுத்தி.

மறுநாள் காலை அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாசல் புல்வெளிக்கு மாற்றல். புல் வெட்டும் மிஷினைத் தள்ளுவதும், பார்வையாளர் போட்ட பாட்டில் பொறுக்குவதும்தான் வேலை. மூன்றாம் கூடத்துப் பொறுப்பைப் பக்கத்துக் கூடத்தில் பெரணிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரணி அண்ணனிடம் கொடுத்தார்கள். பதினான்கு வருஷப் பழக்கம் அவரும் அவளும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

“அண்ணே, கத்தி வைக்க மாட்டேன்னு சொல்லிடுங்க” என்றாள்.

“எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தாம்மா இருக்கு ரிடையராக” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு, புல்வெளியைத் தாண்டி, கூடத்திலிருந்து கைதட்டல் சத்தம் கேட்கும். அக்கா மிஷினை நிறுத்தமாட்டாள். சத்தம் காதில் விழாமலிருக்க இன்னும் வேகமாகத் தள்ளுவாள். மூன்று தடவை ஆபீஸில் கடிதம் கொடுத்தாள். மூன்றும் எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டில் பாத்திரங்கள் அடிவாங்கின. கணவர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: “இவளே, அந்த ஆள் மேல இருக்கற கோபத்தைக் குக்கர் மேல காட்டாத. அது நல்ல குக்கர்.”

ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, பெரணி அண்ணன் புல்வெளிக்கு வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மா, மரம் அடியில மெத்துன்னு இருக்கு. விரலை வச்சா உள்ள போகுது.”

அவள் மிஷினை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். ஓடவில்லை; ஓடினால் அழுதுவிடுவோமென்று பயந்தாள்.

கூடத்துக் கதவைத் திறந்ததுமே முகத்தில் ஈரம் அடித்தது. கூரையில் புதிதாகத் தண்ணீர் தூவும் குழாய் மாட்டியிருந்தார்கள். சரளை மேல் பச்சைப் பாசி. மரத்தில் வெட்டுகளை எண்ணினாள். பதினேழு. மேலாகச் சுரண்டவேண்டிய பட்டையை, கட்டை தெரியும்வரை ஆழமாகக் கொத்தியிருந்தார்கள். பிசின் ஒழுகி ஒழுகித் தொட்டி விளிம்புவரை கட்டி தட்டியிருந்தது. தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளத்தான் மரம் அதைச் சுரக்கிறது. அடைக்க அடைக்கப் பக்கத்தில் இன்னொன்று வெட்டியிருக்கிறார்கள், மக்கள் கைதட்ட.

“கை கூசலையா அண்ணே?” என்றாள்.

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“சரி, நிக்காதீங்க. தொட்டியை அந்தப் பக்கம் பிடிங்க.”

“சூப்பிரண்டுகிட்ட கேக்க வேணாமா?”

“நீங்க வெட்டும்போது மரத்தைக் கேட்டீங்களா?”

குழாயை மூடினாள். இரண்டு பேருமாகத் தொட்டியைச் சாய்த்து மரத்தை வெளியே இழுத்தார்கள். வேர் பாதி கறுத்து, கூழாகி, நாறியது. அக்கா தரையில் மண்டியிட்டுக் கைரம்பத்தை எடுத்தாள். அழுகலை அறுக்க, அடியில் இன்னும் அழுகல், அதையும் அறுத்தாள். வெள்ளைக் கட்டை தெரியும்வரை அறுத்துக்கொண்டே போனாள். அறுபட்ட இடத்திலெல்லாம் கரித்தூளை அப்பினாள். பத்தரை மணிக்கே பார்வையாளர்கள் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தர் போனைத் தூக்கிப் படம் எடுத்தபடி, “பிசின் எப்ப வரும்?” என்று கேட்டார்.

“போங்கய்யா வெளியே!” என்று அவள் போட்ட சத்தத்தில் கூடமே காலியானது.

தொட்டியிலிருந்த மண்ணையும் அழுகிய வேரையும் ஒரு மூடி போட்ட வாளியில் அள்ளித் தனியாக வைத்தாள். ஏன் வைத்தாளென்று அப்போது அவளுக்கே தெரியாது. குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. அனுமதியில்லாமல் தோட்டத்து உடைமையைச் சேதப்படுத்தியது ஒன்று. பார்வையாளரை அவமதித்தது இரண்டு. மூன்றாவதை அவள் இரண்டு தடவை படித்தாள்: ‘முன்னாள் பொறுப்பாளர் பல ஆண்டுகளாகப் போதிய நீர் ஊற்றாததால் மரம் பட்டுப்போனது.’ கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் பெரணி அண்ணன்.

மகள் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். எழுத்து வேலை அவளுக்குக் கைவந்தது. பதிலை அவள்தான் எழுதினாள். அக்கா படித்துப் பார்த்தாள்.

“இது என்ன, ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது’?”

“அப்படித்தாம்மா எழுதுவாங்க.”

“நான் என்ன தாழ்ந்துட்டேன்? அடி அதை.”

மகள் அடித்தாள். “‘பணிவுடன்’னு போடவா?”

“அதையும் அடி. ‘தெரிவிக்கிறேன்’ போதும்.”

விசாரணை, ஆபீஸ் மாடியில் நீள மேஜை போட்ட அறையில். டைரக்டர் அம்மா நடுவில், சூப்பிரண்டு வலது பக்கம், குமாஸ்தா ஓரத்தில். பெரணி அண்ணன் சுவரோரம் நின்றார். அக்கா வாளியோடு வந்தாள்.

சூப்பிரண்டு ஃபைலைப் பார்த்து நிதானமாகப் பேசினார். மரம் ஏற்கெனவே வறண்டு பலவீனமாக இருந்ததாம். தான் வந்துதான் நீர் வசதி செய்தாராம். அதற்குள் காலம் கடந்துவிட்டதாம். எல்லாவற்றையும் பூசி மெழுகி ஒரே தலையில் கட்டி முடித்தபின், “நீங்க என்ன சொல்றீங்க?” என்று டைரக்டர் அம்மா அக்காவைக் கேட்டார்.

அக்கா மேஜையருகே வந்தாள். வாளி மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை அந்தப் பளபளப்பான மேஜை நடுவில் கவிழ்த்தாள். அழுகல் வாடை அறையை நிரப்பியது. குமாஸ்தா நாற்காலியோடு பின்னால் போனார். அக்கா ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து ஃபைல் பக்கமாக ஓடியது.

“தண்ணி இல்லாம செத்ததுன்னு எழுதியிருக்கீங்களே சார். நீங்களும் ஒருதடவை பிழிஞ்சு பாருங்க.”

சூப்பிரண்டு எழுந்துவிட்டார். “மேடம், இது இவளே தண்ணி ஊத்திக் கொண்டுவந்தது! யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றது சுவரோரத்துக் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். பெரணி அண்ணன் சுவரை விட்டு முன்னால் வந்தார். “தினம் மூணு வேளை குழாயைத் திறந்தது நான். சார் சொல்லித்தான் திறந்தேன். வெட்டினதும் நான்தான். ஆழமா வெட்டு, அப்பத்தான் நல்லா வடியும்னாரு. அந்தக் கையெழுத்தும் படிச்சுப் போட்டது இல்ல மேடம். போடச் சொன்னாரு, போட்டேன்.”

டைரக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “ரெண்டு பக்கமும் தவறு இருக்கு” என்று தொடங்கினார்.

“எந்த ரெண்டு பக்கம்மா?” என்றாள் அக்கா. “ஒரு பக்கம் இவரு. இன்னொரு பக்கம் யாரு, மரமா?”

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. அக்காவின் மெமோ ரத்து. மூன்றாம் கூடத்துக்கே மறுபடி போகலாம். சூப்பிரண்டுக்கு வேறொரு தோட்டத்துக்கு மாற்றல், இதைவிட இரண்டு மடங்கு பெரிய தோட்டம். யார் தவறு என்று உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. அக்கா அதை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மரத்தை மூன்று வாரம் மண்ணே இல்லாமல் நிழலில் கிடத்திக் காயவைத்தாள். வெட்டு வாயெல்லாம் இறுகிய பிறகு, சின்னத் தொட்டியில், சுத்தமான சரளையில் நட்டாள். கட்டைவிரல் கனத்தில் மீந்திருந்த இரண்டே வேர்தான் ஆதாரம். மரம் விழாமலிருக்க மூன்று பக்கமும் கயிறு கட்டினாள். தண்ணீர் விடவில்லை. இரண்டு மாதம் போனது. “விறகுக்குக் காவல் இருக்கா” என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் மாதக் கடைசியில், ஒரே ஒரு கிளை நுனியில், சுருக்கம் விழுந்த பச்சை ஒன்று எட்டிப் பார்த்தது. அன்றைக்குத்தான் அரை டம்ளர் தண்ணீர் ஓரமாக விட்டாள். மரத்தின் ஒரு பக்கம் மட்டும் உயிரோடு வந்தது. மறுபக்கம் பதினேழு வெட்டோடும் காய்ந்து கட்டையாகவே நின்றது.

பெரணி அண்ணனோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். அவர் உண்மையைச் சொன்னதும் நிஜம், வெட்டியதும் நிஜம். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க அவளால் முடியவில்லை. அவர் ரிடையரான நாளில் வாசல்வரை கூடப் போனாள். “உடம்பைப் பாத்துக்குங்க” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அதற்கும் பிறகு, ஒரு மத்தியானம், பழைய சூப்பிரண்டு ஏதோ கூட்டத்துக்கு வந்தவர் மூன்றாம் கூடத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வெளியே தூறல். மரத்தில் இலை இருந்தது.

“அட, பொழைச்சிடுச்சே! பாத்தியாம்மா? நான்கூட அப்ப ரொம்பக் கவலைப்பட்டேன். இன்னும் என் மேல கோபமா?”

அக்கா உதிர்ந்த கள்ளி முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பொழைச்சது அதோட சாமர்த்தியம். வெட்டினது நீங்க. அது வேற, இது வேற.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கதவைச் சாத்திட்டுப் போங்க சார். ஈரக்காத்து உள்ள வருது.”

அவர் கதவைச் சாத்தாமலே போனார். அக்கா எழுந்து போய், கண்ணாடி அதிர அறைந்து சாத்தினாள்.