சாவடிச் சுவரின் காவிக் கோடு

"டீச்சர், விதிமுறைன்னாலே நம்மளத் தடுக்கறதுதானே?" என்று, நான் ஓய்வு பெறுவதற்கு முன், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. இப்போது சொல்கிறேன்...

காய்ந்த ஏரி வண்டலில் ஒரு குடம் தண்ணீர் விழுந்தால் ஒரு வாசனை வரும். எனக்கு அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஒரு சித்திரை மாதம். விழுப்புரத்துக்கும் கண்டமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர்.

ஏரி உடைந்த வருடம் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சாவடிச் சுவரில் காவிக் கோடு போட்டிருந்தார்கள். புது வீட்டு வாசற்படி அதற்குக் கீழே வரக் கூடாது. மணியக்காரர் மட்டம் பார்த்துக் கயிறு பிடிப்பார். அந்த உயரத்துக்கு மேடு போட ஏரியில் மண் எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பெரிய தெருவுக்கு.

பள்ளத்தில் இருந்த எங்கள் தெருவுக்குக் கயிறும் இல்லை, மண்ணும் இல்லை. மழைக்கு மழை சுவர் கரையும். அப்பா திரும்ப எழுப்புவார். அந்த வருடம் அம்மாவுக்கு ஐப்பசியில் பேறுகாலம். நேரே சாவடிக்குப் போய்விட்டாள்.

"ஐயா, எங்க வூட்டுக்கும் கயிறு புடிங்க."

"உங்கள யாரு அளக்கப் போறா? இஷ்டத்துக்குக் கட்டிக்கினு போங்களேன்."

"இஷ்டத்துக்குக் கட்டித்தாங்க வருசா வருசம் கரைஞ்சி போவுது."

"கயிறு புடிச்சா இடுப்பளவு மண்ணு கொட்டணும், தெரியுமா?"

"கொட்டறோங்க. கயிறு புடிச்ச வூட்டுக்குத்தான் ஏரி மண்ணுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

மணியக்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார்... முதல் தடவையாக.

"சும்மா இருந்தவர இழுத்துக்கினு வந்துட்டா. இனிமே எம் மண்டதான் தேயும்" என்று முனகிக்கொண்டே அப்பா கூடையைத் தூக்கினார்.

"தேஞ்சா எண்ண தேச்சி வுடறேன், வாய்யா."

வைகாசி முழுக்கச் சுமந்தோம்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. வாசற்படிக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. உள்ளே, காய்ந்த தரையில் தம்பி பிறந்தான். பக்கத்து வீட்டு ஆடுகள் நான்கும் அன்று எங்களோடுதான்! அடுத்த கோடையில் தெருவே போய்க் கயிறு கேட்டது.

இன்று அந்த ஏரித் தண்ணீர் வழிந்தோடிய வாய்க்காலில் வண்ணக் கல் நட்டு மனை விற்கிறார்கள். விதியெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அதிலிருந்து விலக்கு வாங்கித் தர ஆள் உண்டா என்றுதான் வாங்குகிறவர்கள் விசாரிக்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்...

மனை பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். பெருமழை பெய்த மறுநாள் காலையில் போய், அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.