அலியார் நானா வெட்டிவிட்ட வலை

கண்டக்குழி மீனவக் கரையில் அலியார் நானாவின் பெயரைச் சொன்னால் யாரும் வழி காட்டுவார்கள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது அவருக்குப் பதினேழு வயது. உடுத்த சாரத்தோடு வந்தவர், பத்து வருடம் பிறர் படகில் போய்த்தான் சொந்தப் படகு இறக்கினார். போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த வன்னித் தமிழன் லவனின் குடும்பத்துக்குத் தன் வளவிலேயே கொட்டில் போட இடம் கொடுத்தார். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. லவன் சொன்னது.

அப்படிப்பட்ட மனிதர் செய்த ஒன்றைத்தான் எழுத வந்தேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது மகள். நல்லவன் எண்டு மட்டும் எழுதிராத” என்றார்.

தங்கூசி வலை தடை செய்யப்பட்டது. தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்கே தெரியாத நைலோன் இழை, வருடக்கணக்கில் உக்காது. தடை என்றாலும் இந்தக் கரையில் பலரிடம் இருக்கிறது. கடற்படைப் படகின் சத்தம் கேட்டால் அடையாள மிதவையை வெட்டி எறிந்துவிட்டு வந்துவிடுவார்கள். வலை கையில் இல்லையென்றால் வழக்கும் இல்லை. கடலடியில் அது மீனைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். கரையில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

போன மாசி மாதம் அலியார் நானாவும் அப்படித்தான் வெட்டிவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து ஓர் ஆவுளியா, கடற்பசு, கரை ஒதுங்கியது. கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுக்கும் பெரிய உயிர். கழுத்தில் தங்கூசி இறுகி, தோல் கிழிந்திருந்தது. மார்பில் பால் கசிந்திருந்தது. நான் அழுதுவிட்டேன். முதலில் அதைக் கண்டவன் லவன். அதனாலேயே அதிகாரிகள் அவனைப் பிடித்தார்கள். அவன் படகும் இயந்திரமும் போயின, நீதிமன்றத் தவணையும் போட்டார்கள். “வன்னியான் கடலக் கெடுக்கிறான்” என்று சிலர் சொன்னார்கள்.

அலியார் நானா கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆவுளியாவோடு வந்த வலைத் துண்டின் மேல்கயிற்றில், பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக் கோத்த மிதப்புகள் இருந்தன. இங்கே எல்லோரும் வீட்டுச் செருப்பைத்தான் வெட்டுவார்கள். ஊதாப்பூ போட்ட அந்தச் செருப்பு அவர் மனைவி நபீலாவுடையது. பார்த்ததும் தன் வலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

தவணைக்கு நான்கு நாள் முன்பு கடல் சூழல் பற்றி எழுதுகிறவள் என்று மீனவர் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கனடாவின் புதிய சூழல் சட்டங்களைப் பற்றி விடியும்வரை வாசித்துவிட்டுப் போயிருந்தேன். நல்ல சூழலில் வாழ்வது உரிமை என்று 2023இல் அங்கே சட்டத்தில் எழுதியதைச் சொன்னேன். அங்கே கடலில் வலை தொலைந்தால் மீனவரே அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், தொலைத்தது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம் என்றேன்.

சங்கச் செயலாளர் ஜபார் சிரித்தார். “இங்க போய்ச் சொன்னா நேவிக்காரன் தேத்தண்ணி ஊத்தித் தருவானா, மகள்?”

எல்லோரும் சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து அலியார் நானா கேட்டார்.

“பிந்திச் சொன்னா அங்க என்ன செய்யிற?”

அவ்வளவு தூரம் நான் வாசித்திருக்கவில்லை. “தெரியாது நானா” என்றேன்.

அவர் எழுந்தார். “அந்த ஆவுளியாட கழுத்தில இருந்தது எண்ட வலை. லவன்ட இல்ல.”

ஜபாரின் சிரிப்பு நின்றது. சுவரோரம் இருந்த லவன் மெல்லச் சொன்னான், “இருங்கோ நானா. எனக்கு அண்டைக்கே தெரியும். நபீலா ராத்தாட செருப்பு எனக்குத் தெரியாதா? உங்கட வளவில வளந்தனான்.”

“தெரிஞ்சிட்டு ஏன்டா சொல்லல்ல?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அலியார் நானா இருக்கவில்லை. அப்படியே வெளியே போனார்.

மறுநாள் அவரே போய் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு இப்போது அவர் பெயரில். லவனுக்குப் படகு திரும்பி வந்தது. அதிகாரிகளோடு அந்தப் படகில்தான் வலையைத் தூக்கப் போனோம். வலை வெட்டிய இடத்தை நானா கையால் காட்டினார். இழுக்க இழுக்க நாற்றம். அழுகிய சுறாக்குட்டிகள், ஓர் ஆமை ஓடு. ஆவுளியாவின் குட்டி அதில் இல்லை. அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. லவன் இயந்திரத்தைப் பிடித்திருந்தான். நானா முன்பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கரையில் இறங்கிய பிறகு கேட்டேன், “லவனிட்ட மாப்பு கேட்டீங்களா நானா?”

“கேக்கல்ல.”

“ஏன்?”

“கேட்டா உடன பரவாயில்ல எண்டு சொல்லிருவான். அதக் கேட்டுட்டு அவன்ட மூஞ்ச எப்பிடிப் பாக்கிற, மகள்?”