படுத்துத் தூங்க முடியாத மாணிக்கவாசகம்

ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது மாணிக்கவாசகத்திடம் ஏதாவது ஒன்று குறைந்திருந்தது. முதலில் சைக்கிள் போனது. அப்புறம் மாடிப்படி. போன மழைக்காலத்துக்குப் பிறகு தானாகக் குளிப்பதும் நின்றுபோயிற்று. “தேறிட்டார், கூட்டிட்டுப் போங்க” என்றுதான் அனுப்பி வைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி பஞ்சவர்ணம், இந்தத் தடவை எது போயிற்று என்று பார்ப்பாள்.

ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. இளவயதிலேயே மைசூருக்கு வந்து, மேட்டகள்ளியில் குடியேறி, கருங்கல்லுக்கு பாலிஷ் போடும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலம் தலையெல்லாம் கல்தூள் மாவாகப் படிந்திருக்க வருவார். வாசலில் நின்று உதறிவிட்டு, ஒரு பீடியையும் இழுத்து முடித்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். வாய் ஓயாத மனிதர். தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி விசாரிப்பது அவர்தான்.

இப்போது ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டார். படுத்தால் மூச்சு முட்டியது. மேஜைமேல் தலையணைகளை அடுக்கி, அதில் நெற்றியைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். மின்சாரம் போய் ஆக்ஸிஜன் மெஷின் நின்றால், பஞ்சவர்ணத்துக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பக்கத்து வீட்டு நஞ்சம்மாவுக்குப் புற்றுநோய். அவளைப் பார்க்க, தீராத நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கும் அமைப்பிலிருந்து தேவம்மா என்ற நர்ஸ் வாராவாரம் வந்துபோவாள். ஒருநாள் அங்கிருந்து கிளம்பியவள், இவர்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து வந்த மூச்சிழுப்புச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டாள்.

“அக்கா, உள்ளார யாருங்க?” என்று வாசலில் நின்ற பஞ்சவர்ணத்தைக் கேட்டாள்.

“எங்கூட்டுக்காரருங்க. நுரையீரல் கெட்டுப்போச்சுங்க. ரொம்ப வருசமா இருக்குது.”

தேவம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மாணிக்கவாசகம் முட்டியில் கையூன்றி முன்னால் சாய்ந்திருந்தார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் கழுத்தடியில் குழி விழுந்தது. சட்டை யாரோ ஒருவருடையதுபோலத் தொளதொளத்தது.

“சோறு எறங்குதுங்களாண்ணா?”

“மெல்லுறதுக்குள்ள... எளைச்சுப்போவுது.”

“எதை நெனச்சா பயமா இருக்குதுங்க?”

பஞ்சவர்ணம் திடுக்கிட்டாள். எத்தனையோ டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அவர் மூச்சைக் கூட்டிக்கொண்டு சொன்னார்: “மூச்சு முட்டியே... போயிருவனோன்னு. அப்பறம் அந்தக் கொழாய். போன வாட்டி... கையக் கட்டிப்போட்டு... தொண்டைக்குள்ள விட்டாங்க. அது மட்டும்... வேண்டாந் தாயி.”

வெளியே வந்ததும் தேவம்மா குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த மழைக்காலத்துல அண்ணன் இல்லேன்னா, ‘அய்யோ, எதிர்பாக்கலியே’ம்பீங்களா?”

பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படிச் சொல்லமாட்டாள். அது தனக்கு எப்போதோ தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தேவம்மா வந்துபோன செய்தி எட்டியபோது மகன் சந்திரன் கொதித்துப்போனான். “அப்பாவுக்கு என்ன கேன்சராம்மா? சாகப்போறவங்களுக்குப் பாக்குற நர்ஸை எதுக்கு உள்ள விட்ட?”

ஆனாலும் தேவம்மா தன் அமைப்பின் டாக்டரை அழைத்து வந்தாள். மூச்சுத் திணறலை அடக்க டாக்டர் மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் எழுதினார். முகத்துக்கு நேராகச் சின்ன ஃபேனை வைக்கச் சொன்னார். நோய் அப்படியேதான் இருந்தது. திகில் மட்டும் கொஞ்சம் அடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணிக்கவாசகம் மகனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, “சந்திரா... கொழாய் வேண்டாம்” என்றார். சந்திரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆடிக்காற்று தொடங்கியதும் அவருக்குச் சளி கட்டியது. மார்ஃபினுக்கும் மெஷினுக்கும் திணறல் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கையுறையை மாட்டியபடியே கன்னடத்தில் கேட்டார்: “டியூப் போடலாமா? இப்பவே சொல்லணும்.”

பஞ்சவர்ணம் மகனைத் திரும்பிப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே மாணிக்கவாசகத்தின் கண்கள் சந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தன. சந்திரன் டாக்டர் பக்கம் திரும்பினான்.

“பேடா டாக்டர்” என்றான். வேண்டாம். “அவருக்குக் கஷ்டம் தெரியாம இருக்கறதுக்கு என்ன செய்யணுமோ, அதச் செய்யுங்க.”

மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோள்கள் தளர்ந்தன. மறுநாள் காலை, பஞ்சவர்ணத்தின் உள்ளங்கையில் கன்னத்தை வைத்தபடி, திணறாமல் போனார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானபின் சந்திரன் தாயின் அருகே வந்து உட்கார்ந்தான். “அம்மா, நாந்தான் கொன்னுட்டனா?”

“இல்ல சாமி. அவரு கேட்டதத்தான் நீ குடுத்த.”

அவன் தலையாட்டினான். நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்துபோய் அவனுக்குச் சோறு போட்டாள்.