காவடி ஜிகினா

பூமாலை வாடினால் மறுநாள் எறிந்துவிடலாம். ஜிகினா வாடுவதில்லை. என்னிடம் அது ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது.

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். ஆங்கிலம் படித்தவன் என்பதால் அலுவலகத்தில் எழுத்து வேலை. சயாமில் ரயில்பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலை நான்தான் எழுதினேன். எங்கள் வீட்டு வரிசையிலிருந்து ஒருவர் போகவேண்டும் என்றார்கள். நான், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கைகாட்டிக்காரன். அவன் பெயரை எழுதினேன்.

முன்பு போனவர்கள் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருப்பதாக, வடக்கே போய்வந்த எஞ்சின் டிரைவர் ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அழுகை கேட்டால் மற்றவர்கள் ஓடி ஒளிவார்கள், மாலை போட்டு அனுப்பு என்று அதிகாரி உத்தரவிட்டார். பூவுக்கு எங்கே போவது? பஞ்சத்தில் மல்லிகை இருந்த இடமெல்லாம் மரவள்ளி நின்றது. கைகாட்டிக்காரன் வருடந்தோறும் பத்துமலைக்குக் காவடி எடுப்பவன். பூசம் முடிந்ததும் காவடியிலிருந்து ஜிகினாவைப் பிரித்து, டின்னில் போட்டு என் வீட்டில் வைப்பான். அவன் வீட்டுக் கூரை ஒழுகும். நேர்த்திக்கடன் பொருளை வேறு காரியத்துக்கு எடுக்கக்கூடாது. எடுத்துக் கோத்தேன்.

ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி நின்றது. பெயரை மாற்ற முடியுமா என்று அவன் அதுவரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். மாலையைப் போட்டேன். தடவிப் பார்த்தான்.

"இது என் காவடி ஜிகினால்ல, அண்ணே?"

"ஆமாடா. சாமி மேல இருந்தது. உனக்குக் காவலா வரும்."

அவன் முகம் தெளிந்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. ஏறும்முன் மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தான்.

"அங்க மழையில வீணாப்போயிரும். அடுத்த பூசத்துக்கு வேணும்லா."

அலுவலகத்துக்குப் போய் அவன் பெயருக்கு நேரே குறியிட்டேன்.

போர் முடிந்தது. சிலர் திரும்பினார்கள். அவன் வரவில்லை. ஒரு காலையில் அவன் மனைவி மாலையைப் பிரித்து, சிக்கெடுத்துச் சுற்றி, என் வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

"இது உங்க டின்லயே இருக்கட்டும் அண்ணே. வந்தா இங்கதான் தேடுவாரு."

டின்னைத் திறந்து பிடித்தேன். அவள் உள்ளே வைத்து அமுக்கினாள். என் பெயருக்குப் பதில் அவன் பெயரை எழுதியதைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"கோப்பி குடிக்கிறியாம்மா?" என்றேன்.