ஃபார் சம் ரீசன் பஸ் வரவில்லை

ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில், காலையில் வெந்நீர் வரும் என்று பலகையில் எழுதியிருக்கும். வரும் நாட்களும் உண்டு. வராத நாட்களில் அறைக்காரர்கள் முதலில் பிடிப்பது என்னைத்தான். பக்கெட்டும் கையுமாக வராந்தாவில் நிற்பவன் நான்.

"தண்ணி ஏம்ப்பா சுடலை?"

"தெரியலைங்க."

"தெரியாதவனை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்காங்க?"

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைப் பக்கம் நகர்ந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். அந்த ஐந்து வகுப்பிலும், வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தே தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

லாட்ஜ் மேனேஜர் சேலத்துக்காரர். அதே கேள்வியை அவரிடம் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஃபார் சம் ரீசன், வாட்டர் நாட் ஹாட் சார்" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளிக்கப் போய்விடுவார். மேனேஜருக்கும் காரணம் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவர் சொல்லும்போது மட்டும், யாரோ தீர விசாரித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, எங்கோ பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பதுபோல் இருக்கும்.

ஒரு நாள் அவரிடமே அர்த்தம் கேட்டேன்.

"ஏதோ ஒரு காரணத்தாலன்னு அர்த்தம்ப்பா. என்ன காரணம்னு நாம சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அதுல சௌகரியம்" என்றார்.

எனக்காகவே யாரோ செய்து வைத்த வார்த்தை என்று தோன்றியது. அடுத்த வாரம் பெங்களூர் அம்மா ஒருவரின் பற்பசையைக் குரங்கு எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது. அவர் என்னை முறைத்தார். "ஃபார் சம் ரீசன், மங்கி, மேடம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. மின்சாரம் போனாலும், தோசை தீய்ந்தாலும், மூடுபனியில் ஏரி தெரியாவிட்டாலும் அதையே சொன்னேன்.

வீட்டுக்கும் அது வந்துவிட்டது. கொட்டச்சேடு கிராமத்தில் அக்கா வீட்டில்தான் அப்போது இருந்தேன்.

"பருப்பு ஏன் சாமி வாங்கியாரலை?" என்பாள் அக்கா.

"ஃபார் சம் ரீசன்க்கா."

"அந்தச் சனியனை லாட்ஜுலயே வெச்சுட்டு வா. ஊட்டுக்குள்ள வந்தா காரணத்தோட பேசு."

அக்கா வீட்டுக்காரரும் அதைப் பிடித்துக்கொண்டார். ஆட்டுக்குப் பால் குறைந்ததற்கும் அவர் அதையே சொன்னபோது, அக்கா எங்கள் இருவருக்கும் அன்று டீ தரவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. இதுதான் கடைசி, இதற்குமேல் தன்னால் பெண் தேட முடியாது என்று அக்கா சொல்லியிருந்த சமயத்தில், குப்பனூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணின் போட்டோவைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் நின்றிருந்தாள். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதை அக்காவிடம் சொல்லக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

பெண்ணின் தாய்மாமாவும் அத்தையும் வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மனசுக்குப் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாயால் சொல்லும் சங்கடம் யாருக்கும் இல்லை. அக்கா விடிந்ததிலிருந்து வடை, பாயசம், ரசம் என்று சமைத்து வாழை இலையும் நறுக்கி வைத்திருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பதில் எல்லாவற்றையும் அக்கா வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, கல்யாணம் ஏன் இத்தனை நாள் தள்ளிப்போச்சு?"

அக்கா வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "அவரே சொல்லட்டுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வார்த்தை தானாகவே வந்தது.

"ஃபார் சம் ரீசன்ங்க."

"என்னங்க சொல்றாரு?" என்றார் அத்தை.

உதவி செய்வதாக நினைத்து அக்கா வீட்டுக்காரர் விளக்கினார். "ஏதோ ஒரு காரணமுங்க. என்னன்னு சொல்றதுக்கில்லைன்னு அர்த்தம்."

அத்தை என் கை கால்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார். சொம்பிலிருந்த தண்ணீரை இருவரும் குடித்துவிட்டு எழுந்தார்கள்.

அவர்கள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. இலைகளை அடுக்கி மூலையில் வைத்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. பிறகு குடைகளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "சோறு திங்காம போனாலும் போகட்டும், நம்மூட்டுக்கு வந்தவங்க நனைஞ்சு போகக் கூடாது. குடுத்துட்டு வா."

பஸ் நிற்கும் இடத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் இருவரும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். குடைகளைக் கொடுத்தேன். திரும்பி நடக்கவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. வெகுநேரமாகியும் பஸ் வரவில்லை.

"பஸ் ஏனுங்க வரலை?" என்றார் மாமா.

அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"தெரியலைங்க" என்றேன்.

"தெரியாதது கெடக்கட்டும். தெரிஞ்சதைச் சொல்லுங்க. ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. அவர் முகம் குடைக்குள் மறைந்திருந்தது. அதனாலோ என்னவோ எனக்குப் பேச்சு வந்தது.

"எனக்குப் பேச வராதுங்க. மஞ்சக்குட்டையில பொண்ணு பாக்கப் போனப்ப பேரு கேட்டாங்க, மச்சான்தான் சொன்னாரு. நான் வாயே திறக்கலை. பையன் ஊமையான்னு அப்புறம் ஆள் விட்டுக் கேட்டாங்க. இல்லைன்னு நேர்ல போய்ச் சொல்லச் சொல்லி அக்கா அனுப்புச்சுங்க. போனேனுங்க. அங்க போயும் பேச்சு வரலை."

மாமாவின் குடை குலுங்கியது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊமை இல்லைன்னு சொல்லப் போயி பேசாம வந்தீங்களா?" என்றார் மாமா, மூச்சு வாங்கியபடி.

"ஆமாங்க."

"எங்க புள்ள ரெண்டு பேருக்குச் சேர்த்துப் பேசும். அதுவே எங்களுக்குப் பெரிய கவலை." சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ் வருவதாக இல்லை. "நொம்பப் பசிக்குது. அந்தச் சோறு இன்னும் இருக்குதுங்களா?"

அக்கா மறுபடி இலைகளை விரித்தாள். மாமா ரசத்தை இரண்டாம் முறை வாங்கி, கையில் ஊற்றிக் குடித்தார்.

அன்று பஸ் மட்டும் சரியாக வந்திருந்தால், தான் எங்கோ நிம்மதியாக இருந்திருப்பாள் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அப்போதும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொல்வாள். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் லாட்ஜுக்கு எதிரில்தான் டீ குடிப்பார். அன்று ஏன் வரவில்லை என்று கேட்டால் சொல்லிவிடுவார். நான் கேட்டதில்லை.