தொடை விழித்த தேதி

"இடது தொடை: இன்றும் பதில் இல்லை." சென்ற ஆண்டு ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். நான் இப்படிச் சுருக்கமாக எழுதுகிறவன் அல்ல. ஸ்ரீரங்கத்தில் எந்த வீதியில் எந்த வீட்டை எப்போது இடித்தார்கள், மழை எந்த நேரத்தில் பிடித்து எப்போது விட்டது, தேர் எப்போது நிலைக்கு வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் நாள் கிழமையோடு குறித்துவைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். யாரும் கேட்டு எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதை எழுதுவேன். அந்த நடைதான் போய்விடும் போலிருந்தது.

சித்திரை மாதத்தில், காலையில் நண்பர்களோடு ஷட்டில் ஆடும்போது, தலைக்கு மேல் போன ஓர் இறகுப்பந்தை அடிக்கக் குதித்து இறங்கினேன். பாதம் தரையில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆனி மாதம் அறுவைச் சிகிச்சை நடந்தது. காலை மடக்க முடியாதபடி இடுப்புக்குக் கீழிருந்து கணுக்கால்வரை ஒரு பட்டை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது. தொடைதான் வேலை செய்யவில்லை. "தொடையை இறுக்குங்க" என்பார்கள். நான் இறுக்குவேன். அதாவது, இறுக்குவதாக நினைத்துக்கொள்வேன். தாடை இறுகும், கை விரல்கள் மடங்கும், வலது தொடைகூட இறுகும். இடது தொடை மட்டும் வேறு யாருடைய படுக்கையிலோ கிடப்பதுபோலக் கிடக்கும். அடுத்த பரிசோதனைக்குள் அது விழித்துக்கொள்ளாவிட்டால் பட்டையைக் கழற்ற முடியாது, நாளாக நாளாக மூட்டு இறுகிப்போகும், பிறகு மயக்கம் கொடுத்துத்தான் மடக்கவேண்டி வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் பழைய நடை வருமா என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றார்.

திருச்சியில் ஒரு பிசியோதெரபி கல்லூரியின் பயிற்சிக் கூடத்துக்கு வாரத்தில் சில நாள் போய்வந்தேன். ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீளமாக நீட்டி, ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் காவிரிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் வானமும் மட்டும் தெரியும். ஆறு தெரியாது. காற்றின் குளிர்ச்சியை வைத்து, இப்போது பாலத்தின் நடுவில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வேன்.

அங்கே முதுநிலைப் படிப்புப் படிக்கும் ஒரு பெண், என்னைப் போன்றவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். பாலக்கரைப் பக்கம், முஸ்லிம் குடும்பம். தலையில் முக்காடு, கழுத்தில் அளவுநாடா, எப்போதும் நிதானம். அவர் எனக்கு விளக்கியது இதுதான்: முழங்காலில் அடிபட்டால் மூட்டைக் காப்பாற்றுவதற்காக மூளையே தொடைத் தசைக்கு உத்தரவு போவதைக் குறைத்துவிடும். தசையும் கெடவில்லை, நரம்பும் கெடவில்லை. தடைதான் நீங்கவில்லை. வழக்கமான பயிற்சியோடு, அசையாமல் படுத்தபடி மனத்துக்குள்ளேயே நடந்து பார்த்தால் அந்தத் தடை சீக்கிரம் விலகுமா என்பது அவருடைய கேள்வி. சிலருக்கு வெறும் பயிற்சி, சிலருக்குக் கற்பனையும் சேர்த்து. யாருக்கு எது என்பது குலுக்கலில் வரும். எனக்குக் கற்பனை விழுந்தது.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வழி ஏதாவது இருக்கா சார்? தினமும் நடக்குற வழி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கும்மா" என்றேன்.

முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, தொடைமேல் ஒட்டிய வில்லைகள், அவற்றிலிருந்து ஒரு திரைக்குப் போகும் கம்பிகள். தொடைத் தசை இறுகினால் முட்டிச் சில்லு மேலே ஏறும், திரையில் கோடு எழும்பும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும்.

அந்த நடைகளைப் போல அழகான நடையை நான் நிஜத்தில் நடந்ததில்லை. வடக்குச் சித்திரை வீதியில் தொடங்கி, கிழக்கே திரும்பி, எப்போதும் வலமாகவே சுற்றுவேன். யாரும் எழுந்திராத விடிகாலை. வாசல்களில் தெளித்த தண்ணீர் காயாமல் பளபளக்கும். இடித்துவிட்ட வீடும், அதே இடத்தில் எழும்பிய அடுக்குமாடியும் ஒன்றையொன்று இடிக்காமல் சேர்ந்தே நிற்கும். வீட்டு முகப்புகளில் சுண்ணாம்பில் எழுதிய கட்டிய வருடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். படித்துக்கொண்டே போவேன். கண்ணைத் திறந்தால் கூடத்தின் வெளிச்சம் கூசும். திரையில் கோடு படுத்தபடியே இருக்கும்.

பக்கத்து விரிப்பில் ஒரு கபடி வீராங்கனை பயிற்சி செய்வாள். உப்பிலியபுரத்துக்குப் பக்கத்து ஊர், கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளுக்கும் அதே ஜவ்வு, அதே இடது கால். எனக்கு முன்பே அறுவை முடிந்து, ஒற்றைக்காலில் குந்தி எழும் கட்டத்துக்கு வந்திருந்தாள். வாய் மட்டும் ஓயாது.

"சார், இன்னைக்கு எதுவரைக்கும் போயிட்டு வந்தீங்க?"

"தெற்குச் சித்திரை வீதி வரைக்கும்."

"கால் வலிச்சுதா?"

"இல்லையே."

"மூச்சு வாங்குச்சா?"

"அதுவும் இல்ல."

"அப்ப நீங்க நடக்கல சார். சாமி புறப்பாடு மாதிரி யாரோ உங்களத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வு செய்கிற பெண் மட்டும் சிரிக்கவில்லை. "நீ உன் எக்ஸர்சைஸப் பாரு" என்று அவளை அடக்கிவிட்டு, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? நடக்கும்போது உங்க முதுகு உங்களுக்குத் தெரியுதா?"

யோசித்தேன். தெரிந்தது. காப்பிக்கொட்டை நிறச் சட்டை, அதன் கழுத்துப்பட்டை லேசாக மடங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. அத்தனை நாளும் நான் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வந்து, நடக்கிறவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அதான் சார். நீங்க பாக்குறீங்க. நான் கேக்குறது பாக்குறது இல்ல. பாதம் தரையில படுறது, எடை கால்ல ஏறுறது, தொடை இறுகுறது. உள்ளருந்து தெரியணும். முதல் நாளே சொன்னேன், நீங்க தலையாட்டினீங்க."

"நல்லாத்தான் தலையாட்டுனாரு" என்றாள் கபடிக்காரி.

எழுதுகிறவனுக்கு வருகிற வியாதிதான் அது. எதைக் கண்டாலும் குறிப்பெடுப்பதற்கு வசதியாக ஓரடி விலகி நிற்பது. அதன் பிறகு தினமும் முயன்றேன். கண்ணை மூடி, பாதத்தை மட்டும் நினைக்கப் பார்ப்பேன். அடுத்த கணமே ஒரு முகப்பும் அதில் ஒரு வருடமும் வந்து நிற்கும். வாசித்துவிடுவேன். வாசித்ததும் சட்டைக்காரன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பான். பரிசோதனை நாள் நெருங்கியது. வீட்டில் கட்டிலில் படுத்து முயன்றபோது என் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு அடி எடுத்து வெச்சாப் போதுங்க. தலபுராணம் எழுதச் சொல்லல."

ஆடிப்பெருக்கன்று அவள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனாள். எத்தனையோ வருடங்களில் நான் உடன் போகாத முதல் பெருக்கு. திரும்பி வந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு. சேலைக் கரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"கூட்டம் சொல்லி முடியாது. தண்ணி ஒரே செம்மண்ணு. படி எங்க இருக்குன்னே தெரியலங்க. காலால துழாவித் துழாவித்தான் இறங்கினேன். இழுப்பு வேற. தொடைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன், இல்லன்னா அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தரையில் அவள் ஈரப் பாதங்கள் மெதுவாகக் காய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் கூடத்தில் கண்ணை மூடியபோது நான் வீதிக்குப் போகவில்லை. படித்துறைக்குப் போனேன். முதல் படியில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. கீழே பார்த்தேன். பழுப்பு நிறம். என் பாதமே எனக்குத் தெரியவில்லை. அங்கே வாசிப்பதற்கு ஒன்றுமில்லை. இடது பாதம் தானாக முன்னால் நீண்டு, இல்லாத இடத்தைத் தடவி, பாசி வழுக்கும் கல்லின் விளிம்பைக் கண்டுபிடித்தது. எடையை மெல்ல அதன்மேல் இறக்கினேன். முழங்கால்வரை குளிர் ஏறியது. பக்கவாட்டிலிருந்து ஆறு அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. வலது காலை எடுக்கவேண்டும். எடுத்தால் முழு உடம்பும் இடது காலில்தான் நிற்கும். எடுத்தேன்.

எங்கோ மேலே, தண்ணீருக்கு வெளியில், ஒரு குரல் கேட்டது. "அக்கா, இங்க வாங்களேன். சார் முட்டிச் சில்லு மேல ஏறுது."

"கண்ணத் திறக்காதீங்க சார்." ஆய்வு செய்கிற பெண்ணின் குரல் மிக அருகில் கேட்டது. "எங்க இருக்கீங்களோ அங்கயே நில்லுங்க. நிக்கிறீங்களா?"

"இழுக்குதும்மா" என்றேன்.

"இழுக்கட்டும். விடாம நில்லுங்க. இப்ப இன்னொரு படி."

இன்னொரு படி இறங்கினேன். அவருடைய விரல்கள் தொடைமேல் இருந்தன. அந்த விரல்களுக்குக் கீழே ஏதோ ஒன்று திரண்டு எழும்பி, நடுங்கி, அடங்கியது. தூங்குகிறவர் பெயரைக் கூப்பிட்டதும் லேசாகப் புரண்டு படுப்பதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரு சிறு மேடு ஓரத்தை நோக்கி நகர்ந்து மறைந்துகொண்டிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் அந்தப் பெண். கபடிக்காரி ஒற்றைக்காலில் நின்றபடியே என்னைப் பார்த்து, "மூச்சு வாங்குது பாருங்க. இப்பத்தான் சார் நடந்திருக்கீங்க" என்றாள்.

உண்மையிலேயே எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்தது சாதாரணமானது. சாதாரணமாக நடந்ததே பெரிய விஷயம். பரிசோதனையன்று நீட்டிய காலைப் படுக்கையிலிருந்து தூக்கிக் காட்டினேன். மருத்துவர் பட்டையின் பூட்டைத் தளர்த்தினார். மயக்கம் கொடுக்கிற பேச்சு அத்தோடு போயிற்று. ஐப்பசி மழையில் தெருமுனைவரை, மார்கழியில் கிழக்கு வீதிவரை. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சுற்றும் சுற்றி வந்தேன். அன்றைய குறிப்பில் வீடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குதிகால், விரல், தொடை என்றுதான் இருக்கிறது. அந்தப் பெண் இன்னும் ஆய்வை முடிக்கவில்லை. கற்பனை செய்தவர்களுக்குச் சீக்கிரம் சரியாயிற்றா என்று கேட்டால், "எல்லாரும் முடிக்கட்டும் சார். ஒருத்தர வெச்சு நான் எதுவும் சொல்லக் கூடாது" என்கிறார். வீக்கம் வடிந்ததாலேயே தொடை எழுந்திருக்கலாம் என்பதையும் அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கபடிக்காரிக்கு ஆடுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

நான் என் குறிப்பில், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்ற தேதிக்கு எதிரே, "தொடை முதன்முதலாக அசைந்தது" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். சில வாரங்களுக்கு முன்பு அதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு இல்லையே. அதுக்கு முன்னாடியே அசஞ்சுது."

"எப்போ?"

"பெருக்குக்கு முந்தி ஒரு நாள். மத்தியானம் நீங்க நல்லாத் தூங்குறீங்க. பட்டை மாட்டின காலு துடிச்சுது. ஒரு தடவ இல்ல, நடக்குற மாதிரி விட்டு விட்டு. கொசுவா இருக்கும்னு நெனச்சுப் போர்வைய இழுத்து விட்டேன்."

"ஏன் சொல்லல?"

"தூக்கத்துல துடிச்சதயெல்லாமா சொல்லுவாங்க?"

ஆய்வு செய்கிற பெண்ணிடம் கேட்டேன். தூக்கத்தில் தசை சும்மாவும் துடிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். என் மனைவிக்கோ அது எந்தக் கிழமை என்பது நினைவில்லை. நாள் கிழமை தெரியாத எதையும் எழுதக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. ஆனாலும் அந்த அடிக்கோட்டை அழித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இதற்கு முன்பே, ஒரு மதியத் தூக்கத்தில், கால் நடந்ததாக மனைவி சொல்கிறாள். உறுதிசெய்ய இயலவில்லை." பார்க்கிறவன் தூங்கிப்போன அந்த மதியத்தில் என் கால் என்னை விட்டுவிட்டு எந்த வீதியில் நடந்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. ஆனால் எதைப் பற்றியும் 'இன்றுதான் தொடங்கியது' என்று எழுதப் போகும்போதெல்லாம், இப்போது என் பேனா சற்றே தயங்கி நிற்கிறது.